ஆபீஸுக்கு வெளியே ஒரு நாற்காலி

வேலை விளம்பரத்தில் 'ரிமோட்', அதாவது வீட்டிலிருந்தே பார்க்கலாம், என்று போட்டிருந்தால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்று தெரிந்துகொள்ள சிவசங்கரிக்கு இரண்டு வருஷம் பிடித்தது. மேலே கொட்டை எழுத்தில் ரிமோட் என்றிருக்கும். கீழே, யாரும் படிக்காத இடத்தில், பெங்களூரிலேயே குடியிருக்க வேண்டும் என்றிருக்கும். பெங்களூரிலேயே குடியிருக்கிறவள் எதற்கு ஐயா வீட்டிலிருந்து வேலை கேட்கப் போகிறாள்? இன்னொருவன் முதலில் கொஞ்ச நாள் ஆபீஸுக்கு வாருங்கள், அப்புறம் பார்ப்போம் என்றான். அந்த அப்புறம் எப்போது வரும் என்று கேட்டதற்கு அவனிடமிருந்து பதிலே இல்லை. வேறொரு இடத்தில் ஆபீஸ் வாசலையே மிதிக்க வேண்டாம் என்றார்கள். வாயெல்லாம் பல்லாக விசாரித்தால், படம் வரைகிற வேலை இல்லையாம். ஏஐ மெஷின் வரைந்து தள்ளுகிற படங்களில் கையில் முளைத்திருக்கிற ஆறாவது விரலை அழிக்கிற வேலையாம்.

சிவசங்கரி படம் வரைகிறவள். கார்ட்டூனில் முயலும் கரடியும் ஓடுகின்றனவே, அந்த முயலும் கரடியும் அவள் கைவேலை இல்லை. அவை ஓடுகிற தெரு, தெருவோரத்து மரம், மரத்துக்குப் பின்னால் இருக்கிற வீடு, அந்த வீட்டு ஜன்னலில் தெரிகிற விளக்கு வெளிச்சம், இதெல்லாம்தான் அவள் வேலை. பேக்ரவுண்ட் ஆர்ட்டிஸ்ட் என்பார்கள். கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் நான்கு வருஷம் அதைத்தான் செய்தாள். கல்யாணமாகி விருத்தாசலம் வந்த கையோடு கொரோனாவும் வந்தது. ஊரெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, அவள் வடக்குத் தெருவில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே மேஜை போட்டு அதே வேலையை நிம்மதியாகப் பார்த்தாள். எல்லோருக்கும் கெட்ட காலமாக இருந்தது அவளுக்கு மட்டும் நல்ல காலமாக இருந்தது. இதை வெளியே சொல்ல முடியாது, ஆனால் உண்மை. அப்புறம் ஸ்டூடியோக்காரர்கள் எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். அவளால் போக முடியவில்லை.

காரணம் சின்னதுதான். புருஷன் கொளஞ்சிநாதன் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து செராமிக் பேட்டையில் ஒரு யூனிட் நடத்தினான். பீங்கான் பொம்மை, அகல் விளக்கு, ஃபியூஸ் கட்டை என்று ஆர்டருக்குக் குறைவில்லை. சூளையைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான். அதை வீட்டிலிருந்து பார்த்துக்கொள்ள முடியாது, சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. மகள் இங்கே எல்.கே.ஜி. படிக்கிறாள். இவர்களை விட்டுவிட்டுத் தனியாக ஹாஸ்டலில் போய்க் கிடக்க சிவசங்கரிக்கு மனசில்லை. வரைகிறதை விட்டுவிட்டு வீட்டில் கிடக்கவும் மனசில்லை. இரண்டும் வேண்டும். இதில் என்ன பேராசை இருக்கிறது என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

தெருவில் இதை யாரிடமும் விளக்க முடியாது. கூரியர்காரர் தெருவிலுள்ள அத்தனை பேர் பார்சலையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார். சிலிண்டர் வந்தால் அவள்தான் வாங்கி வைக்க வேண்டும். கேட்டால், "சிவா வூட்ல சும்மாதான இருக்குது" என்பார்கள். அந்தச் 'சும்மா'வைக் கேட்டால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும்.

அப்படிச் சொல்லாத ஒரே ஆள் மாமியார் திரௌபதி. யூனிட்டில் சூளைக்குப் போகும் முன் பொம்மைகளின் ஓரங்களைத் தேய்த்து வழவழப்பாக்குகிற வேலை அவருக்கு. ஒரே இடத்தில் உட்கார்ந்து கண்ணை நட்டு ஒரு காரியத்தைச் செய்வதென்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். "அது வேலைதான்டி. இடுப்பு ஒடையற வேலை" என்று, மருமகள் வீட்டிலிருந்து வரைந்துகொண்டிருந்த காலத்தில், பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒருநாள் சொன்னதை சிவசங்கரி ஜன்னல் வழியே கேட்டாள். அன்றிலிருந்து அத்தைமேல் அவளுக்கு ஒரு பிரியம் கூடிப்போனது.

மாசி மாதத்தில் சென்னையில் ஒரு ஸ்டூடியோ குழந்தைகளுக்கான தொடர் ஒன்றுக்கு ஆள் எடுத்தது. விளம்பரத்தில் ரிமோட் என்ற பேச்சே இல்லை. போட்டுத்தான் பார்ப்போமே என்று போட்டாள். தேர்வுக்கு ஒரு படம் கேட்டார்கள்: மழை விட்ட பிறகு ஒரு தெரு. சிவசங்கரி எங்கேயும் தேடவில்லை. பேட்டைக்குப் போகிற ரோட்டையே வரைந்தாள். உடைந்த ஃபியூஸ் கட்டையும் மூக்குப் போன பொம்மையும் கொட்டிக் குழி நிரப்பின ரோடு அது. மழை பெய்தால் சேறு கரைந்து வெள்ளைச் சில்லெல்லாம் பளிச்சென்று மேலே வந்துவிடும். டூவீலரில் போகிறவர்கள் டயருக்குப் பயந்து திட்டிக்கொண்டே போவார்கள். அந்தச் சில்லுகளில் வானம் தெரிகிற மாதிரி வரைந்து அனுப்பினாள்.

நான்காவது நாள் வீடியோ காலில் ஒரு பெண் வந்தார். பேர் வளர்மதி, அந்தத் தொடரின் வேலைகளையெல்லாம் பிரித்துக் கொடுத்து வாங்குகிறவர். நாற்பது வயதிருக்கும். முதல் கேள்வியே, "இது எந்த ஊரு ரோடுங்க? வெள்ள வெள்ளயா என்னது கெடக்கு?" என்பதுதான்.

சிவசங்கரி சொன்னாள். அவர் சிரித்துவிட்டு மேலே கேட்கப் போன சமயத்தில் அவர் பக்கத்தில் குக்கர் விசில் அடித்தது. சிவசங்கரிக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

"நீங்களும் வூட்லேர்ந்தா மேடம்?"

"ஆமாங்க, திண்டுக்கல்லு. அப்பாவுக்கு ஒண்ணு விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். கூட ஆளு நான் மட்டுந்தான். ஒம்பது வருஷமா இந்த ஸ்டூடியோல இருக்கேன்னு என்னைய மட்டும் வெளியில விட்டு வச்சிருக்காங்க. மத்தவுங்க எல்லாரும் ஆபீஸ்லதான்."

"எனக்கும் அந்த மாரி வேணும் மேடம்" என்று சிவசங்கரி பட்டென்று கேட்டுவிட்டாள். இரண்டு வருஷமாகச் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. இனிமேல் நேராகவே கேட்போமே என்றிருந்தது.

வளர்மதி எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "கேட்டுப் பாக்குறேன். சத்தியமாக் கேட்டுப் பாக்குறேன். உங்க கை எங்களுக்கு வேணும்."

கேட்டும் பார்த்தார். ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்து, கேட்டதன் பலனைச் சொன்னார். டைரக்டருக்குப் படம் ரொம்பப் பிடித்துப்போய் அதைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறாராம். ஆனால் முதலாளி ஒத்துக்கொள்ளவில்லையாம். "வெளியில ஒரு ஆளுதான்னு கண்டிப்பாச் சொல்லிட்டாருங்க. ரெண்டாக்குனா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்களாம். சென்னைக்கு வர்றதா இருந்தா நாளைக்கே சேந்துக்கலாம். என்னால முடிஞ்சது அம்புட்டுத்தான்."

போனை வைத்த பிறகு சிவசங்கரிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. படத்தைச் சுவரில் ஒட்டுவார்களாம். படம் போட்டவள் சுவருக்கு வெளியே நிற்க வேண்டுமாம். சாயந்திரம் யூனிட்டிலிருந்து வந்த புருஷனிடமும் மாமியாரிடமும் அதே சூட்டோடு சொல்லித் தீர்த்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு திரௌபதி, "பிராது கட்டிடலாம்" என்றார்.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. மாடு காணாமல் போனாலும் சரி, பங்காளி வரப்பை வெட்டினாலும் சரி, போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிற மாதிரியே ஒரு தாளில் பேர், ஊர், என்ன குறை, யார்மேல் குறை என்று எழுதி, கொளஞ்சியப்பர் முன்னால் வைத்துப் பூஜை செய்து, முனியப்பர் சந்நிதியில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வருவார்கள். தீர்ப்புச் சொல்கிறவர் கொளஞ்சியப்பர். போய் முடித்துவிட்டு வருகிறவர் முனியப்பர். அவர் போய்வர, தூரத்துக்குத் தக்கபடி படிப்பணமும் உண்டு. காரியம் முடிந்தால் மறக்காமல் வந்து பிராதை வாபஸ் வாங்கிவிட வேண்டும். வாங்காவிட்டால் கட்டினவர்மேலேயே திரும்பிவிடும் என்று ஒரு பயம்.

கொளஞ்சிநாதனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சாமிக்கு வேற வேலை இல்லியாம்மா? அது பேரத்தான் எனக்கு வச்சிருக்கிற. எனக்கே அது ஒண்ணும் பண்ணதில்ல."

"ஒனக்குப் பொண்டாட்டி கெடச்சதே அங்க கட்டுன பிராதுலதான்டா" என்றார் திரௌபதி.

சிவசங்கரிக்கு இதில் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு வருஷமாக முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதிப் பதிலே வராமல் காத்துக் கிடந்தவளுக்கு, இன்னொரு மனு எழுதுவதில் என்ன வந்தது? மறுநாள் காலை அத்தையை ஸ்கூட்டியின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினாள்.

கோயிலில் பிராது எழுதுகிற இடத்தில் சக்கரபாணி என்றொருவர் உட்கார்ந்திருந்தார். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பார், தெரிந்தவர்கள் எழுதினதைச் சரிபார்ப்பார். சிவசங்கரி தாளை வாங்கி எழுத உட்கார்ந்தாள். திரௌபதி பக்கத்தில் நின்று சொன்னார்.

"எம்மருமவளுக்கு வூட்லேர்ந்தே பாக்கற மாரி ஒரு நல்ல வேலை குடுப்பான்னு எழுது."

சக்கரபாணி நிமிர்ந்தார். "அப்புடிப் பொதுவா எழுதக் கூடாதும்மா. அது வேண்டுதலு. அதுக்கு உள்ள போயி கும்புட்டுக்குங்க. பிராதுன்னா இன்னாரு, இன்ன எடம், எனக்கு இன்னது வேணும்னு இருக்கணும். முனியப்பரு எங்க போயி நிப்பாரு, சொல்லுங்க?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. சிவசங்கரி அந்த வரியை அடித்தாள். எதிராளி என்ற இடத்தில் ஸ்டூடியோவின் பேரை எழுதினாள். சுவரில் ஒட்டின படம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. 'இந்த ஸ்டூடியோவில் ஆபீஸுக்கு வெளியே இருக்கிற அந்த ஒரு இடம் எனக்கு வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

எழுதும்போது வளர்மதியின் முகம் ஞாபகத்தில் இல்லையா என்று கேட்டால், இருந்தது. குக்கர் விசில்கூட ஞாபகத்தில் இருந்தது. ஆனாலும் பேனா நிற்கவில்லை. சாமியாவது, சென்னைக்குப் போய் ஸ்டூடியோவில் நிற்கிறதாவது என்ற தைரியம்தான்.

"சென்னைன்னா தூரந்தான்" என்று சக்கரபாணி படிப்பணத்துக்குச் சீட்டுப் போட்டார். இரண்டு பேரும் பூஜை முடித்து, கட்டிவிட்டு, வெளியே கரும்புச் சாறு குடித்துவிட்டு வீடு வந்தார்கள்.

சித்திரை போய் வைகாசியும் பாதி போனது. ஒருநாள் மதியம், தெருக்காரர்களின் பார்சல்களை அவள் வாங்கி வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு போன் வந்தது. அதே ஸ்டூடியோ. பேசினவர் பிரவீன்குமார், ஆள் எடுக்கிற பிரிவாம். அவளுடைய படத்தை இன்னும் யாரும் மறக்கவில்லையாம். வீட்டிலிருந்தே பார்க்கலாமாம்.

"வாரத்துல எத்தினி நாளு ஆபீஸ் வரணுங்க?" என்று கேட்டாள். சூடு கண்டவள் அல்லவா.

"வரவே வேணாம் மேடம். ஃபுல்லா உங்க ஊர்லேர்ந்தே பண்ணலாம். லேப்டாப்கூடக் கூரியர்ல வந்துரும்."

கூரியர்காரர் முதல்முறையாக அவளுக்கே ஒரு பார்சல் கொண்டுவரப் போகிறார். சிவசங்கரி வீட்டைப் பூட்டினாளோ இல்லையோ, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பேட்டைக்கு ஓடினாள். கொளஞ்சிநாதன் சூளையின் கதவைப் பிரித்துக்கொண்டிருந்தான். செய்தியைக் கேட்டதும் வேர்த்த உடம்போடு வந்து, நான்கு பேர் பார்க்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அவள் தலையில் கை வைத்து ஆட்டினான். திரௌபதி கையிலிருந்த பொம்மையைக் கீழே வைத்துவிட்டு, மணவாளநல்லூர் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார். அன்றைக்கு சிவசங்கரிக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? மகளுக்கு இரண்டு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள்.

அந்தச் சந்தோஷத்தோடு சந்தோஷமாக வளர்மதிக்கு ஒரு நன்றி அனுப்பினாள். 'நீங்கள் சொன்னதால்தான் மேடம்' என்று எழுதியிருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது பதில் வந்தது. 'ரொம்ப சந்தோஷம் சிவசங்கரி. நான் இப்போது அங்கே இல்லை. நல்லா பண்ணுங்க.'

தட்டிலிருந்த தோசை ஆறிப்போனது. மறுநாள் காலை பிரவீன்குமாரைக் கூப்பிட்டு, வளர்மதி மேடம் ஏன் இல்லை என்று கேட்டாள். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். வெளியூரிலிருந்து இத்தனை பேரை வேலை வாங்க முடியாது என்று புது மேனேஜர் சொல்லி, வளர்மதியைச் சென்னைக்கு வரச் சொன்னார்களாம். அவரால் வர முடியாதாம், விட்டுவிட்டாராம். "அந்த ஒரு எடம் காலியாச்சு மேடம். அதத்தான் உங்களுக்குக் குடுத்துருக்கோம்."

அந்த ஒரு இடம். அவள் எழுதிக் கட்டின வார்த்தை அப்படியே திரும்பி வந்தது.

அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை. ராத்திரி புருஷனிடம் சொன்னபோது அவன், "இது கம்பெனிக்காரன் பண்ணது சிவா. சாமி என்னா பண்ணும்?" என்றான்.

"அப்புடின்னா வேலை குடுத்ததும் கம்பெனிக்காரந்தான். நேத்து மட்டும் எல்லாரும் சாமியக் கும்புட்டமே?"

அவள் மாமியார் பக்கம் திரும்பினாள். "அத்த, நாம கேட்டதுல தப்பு ஆயிடிச்சி."

திரௌபதி பாயை உதறிப் போட்டார். அப்புறம் மெதுவாக, "நான் ஒரு நல்ல வேலைன்னுதாம்மா சொன்னன். அடுத்தவங்க எடத்தக் கேளுன்னு சொல்லல" என்றார். குத்திக்காட்டுகிற குரலில் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னார். அதனால்தான் இன்னும் வலித்தது.

வேலையை வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று அவள் இரண்டு நாள் யோசித்தாள். இதற்காக எத்தனை காலம் காத்திருந்தாள். கடைசியில் வளர்மதியையே கூப்பிட்டு, பிராது கட்டினதிலிருந்து ஒன்று விடாமல் சொல்லி, "எம்மேல கோவம் இருந்தா திட்டிடுங்கக்கா" என்றாள். மேடம் எப்போது அக்கா ஆனார் என்று அவளுக்கே தெரியவில்லை.

வளர்மதி சிரித்துவிட்டார். "ஏம்மா, ஒங்க ஊரு சாமி சென்னை வரைக்கும் வந்து ஹெச்ஆரப் பாத்துச்சாக்கும். போன வருஷமே என்னைய வரச் சொல்லிட்டாங்க. நாந்தான் கெஞ்சிக் கூத்தாடி ஓட்டுனேன். ஒன்னோட தாளு இல்லாட்டியும் இது நடந்துருக்கும்."

"நான் வேணாம்னு சொல்லிடட்டுமாக்கா?"

"சொல்லு. சொன்னா எனக்குத் திருப்பிக் குடுத்துருவாங்கன்னு நெனக்கிறியா? அந்த எடத்தையே மூடிருவாங்க. வெளியில ஒருத்தியும் இல்லாம ஆயிரும். பேசாமப் போயி ஒக்காரு."

"உங்களுக்கு?"

"துண்டு துண்டா வருது. ஒண்ணு வந்தா ஒண்ணு வரல. எல்லாரும் எப்ப சென்னை வருவீங்கன்னுதான் கேக்குறாங்க. அப்பாவப் படுக்கையோட தூக்கிட்டா போக முடியும்?" இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

சிவசங்கரிக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. "உங்களுக்கும் ஒண்ணு கட்டட்டுமாக்கா?"

"கட்டு தாயி" என்றார் வளர்மதி. "இதுல எனக்கு என்ன நட்டம்?"

லேப்டாப் வந்தது. வேலையில் சேர்ந்தாள். கை பழைய சூட்டைத் தானாகவே பிடித்துக்கொண்டது. முதல் வாரம் ஒரு காட்டையும் ஒரு ரயில்வே ஸ்டேஷனையும் வரைந்து கொடுத்தாள். நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு நாளும் லேப்டாப்பில் வேலைப் பட்டியலைத் திறக்கும்போது, ஆபீஸுக்கு வெளியே இருப்பவர்கள் என்ற இடத்தில் அவள் பேர் மட்டும் தனியாக இருக்கும். சந்தோஷமாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திரௌபதி கிளப்பிவிட்டார். "வாபஸ் வாங்கிட்டு வந்துடலாம் வா. காரியம் முடிஞ்சி போட்டு வச்சிருக்கக் கூடாது."

சக்கரபாணி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஞாபகம் இருந்தது. "சென்னை கம்பெனிதான? முடிஞ்சிதா?" என்று கேட்டுக்கொண்டே வாபஸுக்குத் தாளை எடுத்தார்.

கையெழுத்துப் போடுகிற நேரத்தில் சிவசங்கரிக்கு ஒரு பயம் வந்தது. வாபஸ் வாங்கினால் கிடைத்தது கையைவிட்டுப் போய்விட்டால்? படித்தவள் பயப்படுகிற பயமா இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"குடுத்தத எடுக்கறது நம்ம சாமிகிட்ட இல்லம்மா" என்றார் சக்கரபாணி. போட்டாள்.

"இன்னொன்னு கட்டணுங்க" என்றாள் அடுத்து. "எனக்கு இல்ல. திண்டுக்கல்லுல ஒரு அக்கா, அவங்களுக்கு."

"அவங்க எங்க?"

"அவங்களால வர முடியாதுங்க. அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல. வூட்ட விட்டு நவுர முடியாது."

சக்கரபாணி பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப கட்ட முடியாதும்மா. கொறை யாருக்கோ அவங்க நேர்ல வந்து நிக்கணும். எங்கேர்ந்து வேணா வரலாம். ஆனா வரணும்."

"இருங்க" என்று சிவசங்கரி போனை எடுத்து வீடியோ காலில் வளர்மதியைப் பிடித்தாள். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். பின்னால் ஒரு பெரியவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பக்கத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சிவசங்கரி போனை சக்கரபாணியின் முகத்துக்கு நேரே திருப்பினாள். "இவங்கதாங்க. பாத்துக்குங்க. நேர்ல பேசற மாரிதான?"

வளர்மதி அங்கிருந்தே கும்பிட்டார். சக்கரபாணியும் மரியாதைக்குப் பதில் கும்பிடு போட்டார். ஆனால் முடியாதென்று தலையை ஆட்டினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. போன்லல்லாம் ஆவாது. ஆளு வரணும். வழக்கம் அப்புடி."

"அங்கயும் அதே கதைதானா" என்றார் வளர்மதி. சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவர் போனைச் சற்றுத் திருப்பி, அப்பாவின் போர்வையைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. திரௌபதி மருமகளின் முழங்கையைத் தொட்டார். போகலாம் என்ற அர்த்தத்தில்தான் தொட்டார். சிவசங்கரி நகரவில்லை. போனை மேஜைமேல் அப்படியே வைத்துவிட்டு, சக்கரபாணியின் முன்னாலிருந்த தாள்கட்டிலிருந்து ஒன்றை உருவினாள்.

"அப்ப எம்பேர்லியே எழுதறன். நான் நேர்லதான நிக்கறன்?"

பேர், ஊர் எழுதினாள். எதிராளி என்ற இடத்தில் அதே ஸ்டூடியோவின் பேரை எழுதினாள். 'ஆபீஸுக்கு வெளியே இன்னொரு இடம் வேண்டும்' என்று அடுத்த வரியை ஆரம்பித்தாள்.

சக்கரபாணி தலையை நீட்டிப் படித்துப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை. "ஒனக்குத்தான் எடம் கெடச்சிட்டுதே. இப்பதான வாபஸ் வாங்குன? இன்னும் என்னம்மா ஒனக்குக் கொறை?"

சிவசங்கரி எழுதுவதை நிறுத்தவில்லை.

"அது அவங்க எடங்க" என்றாள்.